தொழிற்பள்ளிக்கு ஒரு படிப்புக்கூடம்: அந்தமான் பிள்ளைகளை முன்னிட்டுச் சில யோசனைகள்

அந்தமானில் டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தை வகுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரமோ கிழக்கு 82½ பாகைக் கோட்டை ஒட்டியது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர், அக்கோட்டுக்கும் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. ஆகையால் சென்னையில் பிள்ளைகள் வெளிச்சத்தில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும் வேளையில் அங்கே விளக்கேற்றியாகிவிடும். ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கும் ஒரு மாணவன் பட்டறை வகுப்பை முடித்து, கையிலுள்ள எண்ணெய்க் கறையைக் கழுவிக்கொண்டு வெளியே வரும்போதே இருட்டத் தொடங்கும். அவன் படிக்க வேண்டியதெல்லாம் விளக்கொளியில்தான். அந்த விளக்கு எங்கே எரிகிறது? அதன் கீழே ஒரு மேசை இருக்கிறதா? மேசையின்மேல் அவனுக்கு விளங்கும் மொழியில் ஒரு நூல் இருக்கிறதா? இம்மூன்று கேள்விகளை ஒட்டியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

குடும்பப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் கூலிக்குச் சென்றவர்கள், கடை வைத்தவர்கள், அரசுப் பணிக்குப் போனவர்கள், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் என்று அவர்கள் பல வகையினர். நம் வாசகர்களைப் போலவே அவர்களும் பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள்தாம். தகப்பன் சுமை தூக்கினான். மகன் வெல்டர் சான்றிதழ் பெற்றால் கப்பல் பழுது பார்க்கும் வேலைக்குப் போகலாம். மகள் எலக்ட்ரீஷியன் படித்தால் மின்துறைத் தேர்வு எழுதலாம். அந்தக் குடும்பம் ஒரு படி ஏறுவது அந்தச் சான்றிதழைப் பற்றிக்கொண்டுதான்.

ஆனால் இப்பிள்ளைகளில் பலர் தடுக்கி விழும் இடம் பட்டறையல்ல. கையில் கருவியைக் கொடுத்தால் சுத்தமாக வேலை செய்கிறவன், எழுத்துத் தேர்வில் தவறிவிடுகிறான். ஐ.டி.ஐ.யின் கோட்பாட்டுத் தேர்வு இப்போது கணினி வழியாகவே நடைபெறுகிறது. மவுஸைப் பிடித்துப் பழகாதவனுக்கு அதுவும் ஒரு தடை. ஒரு தாள் நிலுவையில் நின்றால், வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று ஹோட்டல் வேலைக்கோ படகு வேலைக்கோ போய்விடுகிறான். பிறகு எழுதுகிறவர்கள் சிலரே. தொழிற்பள்ளியில் கற்றல் வள மையம் என்று ஒன்று வேண்டுமென்றால், அது முதலாவது இந்த மாணவனுக்காகவே வேண்டும்.

அந்தமானில் டாலிகஞ்சில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 1984இல் பாலிடெக்னிக்காகத் தொடங்கிய டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் பஹாட்காவ் பகுதியில் இருக்கிறது. இந்த நிறுவனங்களின் நூலகங்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. தீவுகளில் புதிதாக ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்குவோரும், இருக்கும் பள்ளியில் ஒரு படிப்புக்கூடத்தைத் திட்டமிடுவோரும் எவற்றையெல்லாம் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறோம்.

ஆளும் நேரமும் முதலாவது

திட்டமிடுவோர் வழக்கமாகக் கட்டட வரைபடத்தில் தொடங்குகிறார்கள். பிறகு கணினிகளின் எண்ணிக்கை, பிறகு குளிர்சாதனம், பிறகு திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று போகும். அந்த அறையில் யார் உட்காருவார், எத்தனை மணிவரை உட்காருவார் என்ற கேள்வி கடைசியில் வரும். சில வேளைகளில் வராமலே போய்விடும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மாணவர்களின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலும் பிற்பகலிலும் வகுப்பும் பட்டறையும். மையம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடப்பட்டால், அது யாருக்காகத் திறந்திருக்கிறது? மாணவன் வகுப்பில் இருக்கும் நேரமெல்லாம் மையம் திறந்திருக்கும். அவன் வெளியே வரும்போது பூட்டுத் தொங்கும். ஆகையால் முதல் தீர்மானம் நேரத்தைப் பற்றியதாக இருக்கட்டும். விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு இரவு ஒன்பது மணிவரை வேண்டும். திக்லிப்பூர் சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். காம்ப்பெல் பே கடல் வழியே 500 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்தெல்லாம் வருகிறவர்கள் விடுதியில்தான் இருப்பார்கள். ஆனால் அக்கரையிலுள்ள பாம்பூஃபிளாட்டிலிருந்து சாத்தம் துறைக்குப் படகில் வந்து போகும் மாணவிக்கு ஒன்பது மணி உதவாது. அவளுக்கு மாலைப் படகும், படகுத்துறைக்குப் போகும் பேருந்தும்தான் கடிகாரம். அவள் நூலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது காலையில் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னரே மையம் திறக்க வேண்டும். அந்தமானில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது விடிந்துவிடுவதால் காலை ஏழு மணிக்குத் திறப்பது அங்கே கடினமான காரியமல்ல. படகு, பேருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மையத்தின் நேரத்தை அமைப்பதே புத்தி.

அடுத்தது ஆள். நூலகப் படிப்புப் படித்த ஒருவர் முழுநேரமாக வேண்டும். மாலை வேளைக்கு மூத்த மாணவர் இருவருக்குச் சிறு உதவித்தொகை கொடுத்து அமர்த்தலாம். பட்டறை ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலைகளாவது அங்கே வந்து உட்கார வேண்டும். பின்தங்கிய மாணவன் ஆசிரியரின் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்கமாட்டான். அதே ஆசிரியர் பக்கத்து மேசையில் இருந்தால் மெல்லக் கேட்பான். இது மனித இயல்பு. இந்த இரண்டு மாலைகளை ஆசிரியரின் பணிநேரத்தில் சேர்த்துக் கணக்கிட நிர்வாகம் இசையாவிட்டால், மையத்தின் பாதிப் பயன் போய்விடும்.

சீர்காழி கணித ஆசிரியரிடம் ஒரு பாடம்

இந்திய நூலகத் துறையின் தந்தை என்று அழைக்கப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவரை 1924இல் பல்கலைக்கழக நூலகராக நியமித்தார்கள். பயிற்சிக்காக லண்டனுக்குப் போனபோது, அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகள், திருகாணிகள், மரைகள். அதே துண்டுகளை வெவ்வேறு விதமாய்ப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் கப்பலிலிருந்த நூலகத்தையே அம்முறையில் அடுக்கிப் பார்த்தாராம். நட்டும் போல்ட்டும் நூலகக் கலைக்கு வழிகாட்டிய இந்தச் செய்தியை ஃபிட்டர் மாணவர்களுக்கு யாராவது சொன்னால் மகிழ்ந்து கேட்பார்கள்.

1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகப் படிப்பில் கற்பிக்கப்படுகின்றன. அவற்றின் சாரம் எளியது: நூல் பயன்படுவதற்கே இருக்கிறது, ஒவ்வொரு வாசகனுக்கும் ஏற்ற நூலும், ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகனும் உண்டு, வாசகனின் நேரத்தை வீணாக்கலாகாது, நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும். முதல் விதியைப் படித்தால், இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் நம் தொழிற்பள்ளிகளில் எத்தனை நூல்கள் கண்ணாடிப் பீரோவுக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு, அதைச் சொல்லத்தான் வேண்டும் என்பது விளங்கும்.

பூட்டுக்குக் காரணம் நூலகரின் கடினமனமல்ல, பயமே. ஒரு நூல் தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் இதற்கு வழி வைத்திருப்பதைப் பலர் அறிவதில்லை. 2005ஆம் ஆண்டின் விதிகளிலும் 2017இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளிலும், ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் வரை தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. நேர்மையின்மையோ அசட்டையோ காரணமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. 20,000 நூல்களுக்கு மேற்படாத நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடத்த வேண்டும் என்றும் அதே விதிகள் கூறுகின்றன. யூனியன் பிரதேசமான அந்தமானில் அரசு நிறுவனங்களுக்கு இவ்விதிகளே பொருந்தும். தனியார் பள்ளியானால் நிர்வாகக் குழு இதே அளவை ஒரு தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டு நூலகரிடம் கொடுத்துவிடலாம். பூட்டைத் திறக்க அந்த ஒரு தாள் போதும்.

உப்புக்காற்றும் ஈரமும்

இனிக் கட்டடத்துக்கு வருவோம். 300 மாணவர்கள் உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு ஓர் இருக்கை என்றால் 50 இருக்கைகள். ஓர் இருக்கைக்கு நடைபாதையையும் சேர்த்து 25 சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. ஆகவே 1,250 சதுர அடி. மூன்றடிப் பலகை ஒன்றில் 25 நூல்கள் நிற்கும். ஆறு பலகை உள்ள அடுக்கில் 150. 5,000 நூல்களுக்கு ஏறத்தாழ 34 அடுக்குகள். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தினால் 400 சதுர அடியில் அடங்கும். கணினிகள், வழங்கும் மேசை, பேசிப் படிக்கும் சிறு அறை ஆகியவற்றுக்கும் இடம் விட்டால் மொத்தம் 2,000 சதுர அடி. இதைவிடப் பெரிதாகக் கட்ட ஆசைப்படுவோர், அதைத் துடைத்துப் பராமரிக்கும் ஆளையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பேசிப் படிக்கும் அறையை மட்டும் குறைத்துவிடக் கூடாது. தொழில் கற்கிறவன் மௌனமாகப் படிக்கிறவன் அல்ல. வெட்டித் திறந்துகாட்டிய ஒரு பம்பு, பல வகைப் பற்றவைப்பு மாதிரிகள், பழுதான ஒரு மின்மோட்டார் ஆகியவற்றை மேசையில் வைத்து மூன்று பேர் திருப்பித் திருப்பிப் பார்த்து விவாதிக்கும் இடம் அவனுக்கு வேண்டும். அதற்கும் அமைதியாகப் படிக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு கதவு இருந்தால் சண்டை வராது. பெண்பிள்ளைகளுக்குரிய கழிப்பறை அதே தளத்தில், வெளிச்சமான இடத்தில் இருக்க வேண்டும் என்பதை வரைபடம் போடும்போதே பாருங்கள். பிறகு சேர்ப்பது எப்போதும் கட்டடத்தின் பின்புற இருட்டிலே போய் முடிகிறது.

அந்தமானுக்கே உரிய சிக்கல் ஈரம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அங்கே ஏறத்தாழ 3,000. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவக் காற்றுகளும் மழை கொண்டுவருவதால் மே மாதத்தில் தொடங்கினால் டிசம்பர் வரை துணி காயாது. காற்றில் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டி நிற்குமானால் நூலில் பூஞ்சணம் பிடிக்கும். தரைத்தளத்தில் ஈரம் அதிகம், கரையானும் அதிகம். மேல்தளமோ பாரம் தாங்க வேண்டும். நூல் அடுக்குகள் நிற்கும் தளத்துக்கு வகுப்பறைத் தளத்தைப்போல இருமடங்கு பாரத்தைக் கணக்கிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. ஆகவே ஏற்கெனவே வகுப்பறையாகக் கட்டிய மாடி அறையை ஒரு பொறியாளரிடம் கேளாமல் நூலகமாக மாற்றிவிடாதிருங்கள். புதிதாகக் கட்டுவதானால் முதல் மாடியே நல்லது; பாரத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடலாம்.

குளிர்சாதனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகலெல்லாம் ஓடவிட்டு மாலையில் நிறுத்திவிடும் குளிர்சாதனம், இல்லாததைவிடத் தீங்கு. குளிர்ந்துபோன நூல்களின்மேல் இரவின் ஈரக்காற்று பட்டு நீர் படிகிறது. பூஞ்சணத்துக்கு அதைப்போல விருந்து வேறில்லை. இடைவிடாமல் ஓட்ட மின்கட்டணம் இடம் கொடாவிட்டால், எதிரெதிர் சன்னல்களும் மின்விசிறிகளும், காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றும் போதும். கணினிகளுள்ள சிறு அறைக்கு மட்டும் குளிர்சாதனம் வைக்கலாம். அடுக்குகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துவதும், கடைசிப் பலகையைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்துவதும் செலவில்லாத காரியங்கள். சாதாரண இரும்பு அடுக்குகளை உப்புக்காற்று சில ஆண்டுகளில் தின்றுவிடும். வசம்பையும் வேப்பிலையையும் வைத்து நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைக் காத்தார்கள் என்று சொல்லிச் சிலர் நாப்தலின் உருண்டைக்கும் எதிர்ப்புத் தெரிவிப்பார்கள். ஆனால் அந்த முன்னோர்கூட வசம்பை வைத்துவிட்டு மறந்துபோகவில்லை. சுவடியை அடிக்கடி எடுத்துப் பிரித்தார்கள். கைபடாத நூலே முதலில் கெடும்.

2004 டிசம்பர் 26ஆம் நாளை அந்தத் தீவுகளில் யாரும் மறக்கவில்லை. அன்று காலை முதலில் வந்தது நிலநடுக்கம், பிறகே கடல். நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதி அது. ஆளைவிட உயரமான நூலடுக்கு கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே ஒவ்வொரு அடுக்கையும் இரும்புத் துண்டால் சுவரோடும், உச்சியில் ஒன்றோடொன்றும் இணைக்க வேண்டும். வெளியேறும் கதவை மறித்து எந்த அடுக்கும் நிற்கலாகாது. இணைக்கும் வேலையை வெல்டர் பிரிவு மாணவர்களிடமே கொடுக்கலாம். அவர்களுக்கு அது ஒரு செய்முறைப் பயிற்சி.

எந்த நூல், எந்த மொழியில்?

அந்தமான் வகுப்பறையில் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி பேசும் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவனும் அவர்களில் ஒருவன். பட்டறையில் ஆசிரியர் இந்தியில் விளக்குவார். நூல் ஆங்கிலத்தில் இருக்கும். அவன் மனத்துக்குள் தமிழில் எண்ணிக்கொள்வான். இந்த மூன்றுக்கும் இடையில் பாலம் போடுவதுதான் மையத்தின் நூல் தேர்வு.

இதற்கு உதவி சென்னையிலேயே இருக்கிறது. கிண்டித் தொழிற்பேட்டையிலுள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், 1986இல் ஜெர்மனி அரசின் ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டது. சுருக்கமாக நிமி என்பார்கள். ஐ.டி.ஐ.யின் ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் கோட்பாட்டு நூலும் செய்முறை நூலும் தனித்தனியே வெளியிடுவது இந்த நிறுவனம்தான். ஆங்கிலத்தோடு இந்தியிலும் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளிலும் பல நூல்கள் கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் தமிழ் நூலையும் ஆங்கில நூலையும் அடுத்தடுத்து வைத்தால், மாணவன் தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொற்களைப் பிடித்துக்கொள்வான். தமிழ் இணையக் கல்விக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் கலைச்சொல் தொகுதிகள் நன்று. ஆயினும் பட்டறையில் வழங்கும் சொல்லைப் புறக்கணித்துவிட்டுத் தூய கலைச்சொல்லை மட்டும் கற்பித்தால் பையன் வேலைக்குப் போகும் இடத்தில் திகைப்பான். ஒவ்வொரு பிரிவுக்கும் நூறு நூற்றைம்பது சொற்களைத் தமிழ், இந்தி, வங்காளம், ஆங்கிலம் என நான்கு பத்திகளில் மாணவர்களே தொகுத்துச் சுவரில் ஒட்டட்டும்.

பாடநூல்களில் ஒவ்வொன்றிலும் பத்துப் படிகளாவது வேண்டும். நூறு தலைப்புகளில் ஒவ்வொரு படி வாங்கி எண்ணிக்கையைக் காட்டுவது பார்வையாளருக்கு அழகு, தேர்வுக்கு முந்திய வாரத்தில் பயனில்லை. பட்டறை இயந்திரங்களோடு வந்த கையேடுகள் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் உறங்குவது வழக்கம். அவற்றின் படி ஒன்று மையத்துக்கு வரவேண்டும். பழைய வினாத்தாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவைதான் முதலில் கிழிந்துபோகும்.

கம்பி வந்தது, ஆனாலும்

நெடுங்காலம் தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேயரோடு ஸ்வராஜ் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலியவையும் இணைக்கப்பட்டன. இது பெரிய மாற்றம். ஐ.ஐ.டி.க்கள் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகள், 2017இல் வந்த ஸ்வயம் பாடங்கள், 2018இல் நாட்டுக்கு வழங்கப்பட்ட தேசிய மின்னூலகம், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குரிய பாரத் ஸ்கில்ஸ் தளத்தின் வினா வங்கி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டன.

ஆனாலும் கம்பி வந்துவிட்டது, இனி நூல் எதற்கு என்று சொல்வோரோடு நாம் உடன்படவில்லை. கடலடிக் கம்பி அறுந்தால் கப்பல் வந்துதான் பழுது பார்க்க வேண்டும். புயல் நாளில் மின்சாரம் போகும். தீவில் எதைத் திட்டமிட்டாலும், வெளித்தொடர்பு அறுந்த வாரத்திலும் அது ஓடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இணையத்தில் இலவசமாகவும் உரிமைத் தடையின்றியும் கிடைக்கும் பாடங்களை முன்னதாகவே இறக்கி, மையத்திலுள்ள ஒரு சிறு கணினியில் சேமித்துவைத்தால், இணையமே இல்லாதபோதும் அறைக்குள்ளிருக்கும் எல்லாக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் பார்க்கலாம். விக்கிப்பீடியா முழுவதையும், தமிழ் விக்கிப்பீடியா உட்பட, இப்படிச் சேமித்துப் படிக்க கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நூல் வழங்கும் கணக்குக்கு கோஹா என்ற மென்பொருள் உண்டு. நியூசிலாந்தின் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக 1999இல் எழுதப்பட்டு, இலவசமாக உலகுக்கே கொடுக்கப்பட்டது அது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் காணிக்கை, அன்பளிப்பு என்று பொருள்.

பன்னிரண்டு கணினிகள் போதும். அவற்றில் நான்கைத் தேர்வு ஒத்திகைக்கென்றே ஒதுக்குங்கள்.

பணம் வரும் ஆண்டும் வராத ஆண்டும்

உலக வங்கியின் கடனுதவியோடு நம் நாட்டில் பாலிடெக்னிக்குகளைப் பலப்படுத்தும் திட்டங்கள் 1990 முதல் நடைபெற்றன. இரண்டாம் திட்டத்தில் தமிழகம் இடம்பெற்றது. 2001 முதல் 2007 வரை நடந்த மூன்றாம் திட்டம் வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றோடு ஜம்மு காஷ்மீருக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் உரியதாக இருந்தது. கற்றல் வள மையம் என்ற எண்ணம் நம் பாலிடெக்னிக்குகளில் பரவியதில் இத்திட்டங்களுக்குப் பங்குண்டு. இத்தகைய எந்தத் திட்டத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று: கருவிகள் வாங்கும் பணம் ஒருமுறை வரும், சம்பளமும் சந்தாவும் பழுதுபார்ப்பும் ஆண்டுதோறும் வேண்டும். கையிலிருக்கும் தொகை முழுவதையும் முதலாண்டில் செலவிட்டுத் திறப்பு விழாவை ஜோராக நடத்திவிட்டால், மூன்றாம் ஆண்டில் பழைய பாடத்திட்ட நூல்களும் ஓடாத கணினிகளும் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துப் பின்வரும் ஆண்டுகளுக்கு வைத்துவிடுவது நல்லது. தணிக்கையாளர் கேட்பார் என்றால், அதற்குரிய தீர்மானத்தையும் முதலிலேயே எழுதிக்கொள்ளலாம்.

நம் சபைகள் இதில் செய்யக்கூடியது உண்டா? உண்டு. தீவுகளிலுள்ள சிறு சபைகளின் கூடங்கள் வாரநாட்களில் மாலை வேளையில் பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் ஊருக்குத் திரும்பும் மாணவர்கள் ரங்கத்திலோ திக்லிப்பூரிலோ ஒரு மேசையின்றி இருக்கிறார்கள். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகப் போயின. ரங்கநாதன் அதற்குத் துணைநின்றார். அதுபோல மையத்திலிருந்து ஐம்பது நூல்களை ஒரு தகரப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினால், சபைக்கூடத்தில் இரண்டு மாதம் பயன்பட்டுத் திரும்பும். வருகிற பிள்ளை எந்தச் சமயத்தைச் சேர்ந்தவன் என்று கேளாமல் விளக்கையும் மேசையையும் கொடுக்கச் சம்மதிக்கும் சபைகளிடமே அப்பெட்டியை ஒப்படைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து நூல் அனுப்ப விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய புத்தக மூட்டையைக் கப்பலேற்றிவிடாதிருங்கள். ஐ.டி.ஐ. பாடத்திட்டங்கள் மாறிவிட்டன, பழைய பதிப்பைப் படித்து எழுதுகிற பிள்ளைக்கு நஷ்டம். மையத்தாரிடம் என்ன தேவை என்று கேட்டு, அந்த ஒரு நூலில் ஐந்து புதுப் படிகள் வாங்கிக் கொடுங்கள்.

அவர்கள் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், வழங்கும் மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் கிடக்க வேண்டும். மாணவன் வந்து கேட்டு, இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒவ்வொரு நூலின் பெயரும் தேதியும் அதில் ஏறட்டும். எத்தனை நூல் வழங்கினோம் என்ற பதிவேடு எல்லா நூலகத்திலும் உண்டு. இந்த நோட்டுத்தான் அபூர்வம். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாட்கள். பருவமழை தொடங்கிவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். ஐ.டி.ஐ.யின் புது வகுப்புகள் ஆகஸ்டில் ஆரம்பிக்கின்றன. ஆகையால் மார்ச் மாதக் கடைசியில் நூலகரும் பட்டறை ஆசிரியர்களும் அந்த நோட்டை நடுவில் வைத்து உட்கார்ந்து, அதிகம் கேட்கப்பட்டதிலிருந்து தொடங்கிப் பட்டியல் எழுத வேண்டும். ஏப்ரலில் பட்டியல் சென்னைக்கு வந்துவிட்டால், மே மாத மழைக்கு முன்னே நூல்கள் கப்பலேறிவிடும்.